முழுக் கட்டணம் கட்டும் ஆண்டுகளில் நன்கொடையை என்ன செய்வது?

வாசகர் கடிதம்: நியூஜெர்சியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். வரிப் படிவத்தில் எங்கள் ஏஜிஐ (நன்கொடை போன்ற கழிவுகளுக்கு முந்தைய மொத்த வருமானம்) 3 லட்சம் டாலர் அளவில் வரும். வரி, 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு, மருத்துவக் காப்பீடு போக மாதம் 17,000 டாலர் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன், சொத்து வரி, மற்றச் செலவெல்லாம் சேர்த்து மாதம் 10,500. ஊரில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு மாதம் 500 அனுப்புகிறோம். மகளுக்கு 2026 ஃபாலில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 88,000 டாலர். உதவித்தொகை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரிச் செலவுக்காகச் சேர்க்கும் 529 கணக்கில் அவளுக்கு 1,40,000 இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு 60,000. இவை போகப் பல ஆண்டுகளாகச் சேர்த்த பங்குகள் 1,20,000 மதிப்பில் உள்ளன. ஆண்டுக்கு 18,000 டாலர் நன்கொடை தருகிறோம்: கோயிலுக்கு 5,000, தமிழ்ப் பள்ளிக்கு 2,500, தமிழகக் கிராமப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் இங்கே பதிவு பெற்ற ஓர் அமைப்புக்கு 6,000, உணவு வங்கிக்கு 1,500, கணவரின் ஊரில் உள்ள முதியோர் காப்பகத்துக்கு நேரடியாக 3,000. "நாலு வருஷம் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம், முழுக் கட்டணம் கட்டுவதே ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதானே" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தொடர முடியுமா? நன்கொடையைக் காட்டினால் உதவித்தொகை கிடைக்குமா? கல்லூரியின் பெற்றோர் நிதிக்கும் இப்போதே கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

தொடர முடியும். ஆனால் இப்போது கொடுக்கும் அளவிலும் முறையிலும் முடியாது. தொகையைக் குறைத்து, ரொக்கத்துக்குப் பதில் பங்காகக் கொடுத்து, நான்கு ஆண்டுக்கும் வேண்டியதை 2026இலேயே ஒதுக்கி வைத்தால் முடியும்.

கையில் நிற்கும் பணத்திலிருந்து தொடங்குவோம். ஆண்டுக்கு 2,04,000 வருகிறது. வீட்டுச் செலவு 1,26,000, ஊருக்கு 6,000, நன்கொடை 18,000. மீதி 54,000. கல்லூரிச் செலவு ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறும் என்று வைத்துக்கொண்டால் நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3,74,000. இதில் 529 கணக்கின் 1,40,000 போனால் நீங்கள் கட்ட வேண்டியது 2,34,000, அதாவது ஆண்டுக்கு 58,500. கையில் நிற்பது 54,000. ஆக, நன்கொடையில் கை வைக்காமலே போனாலும் துண்டு விழுவது ஆண்டுக்கு 4,500தான். கணவர் அஞ்சும் அளவுக்கு இந்த நான்கு ஆண்டுகள் மோசமானவை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தக் கணக்கில் மகனுக்காக ஒரு டாலர்கூடச் சேரவில்லை. கார் பழுது, கூரை மாற்றுவது, ஒருவர் வேலை இழப்பது எதற்கும் இடமில்லை. மகன் 2029 ஃபாலில் கல்லூரிக்குப் போவான், மகள் அப்போது கடைசி ஆண்டில் இருப்பாள். அவன் முடிப்பது 2033இல். நீங்கள் இருவரும் நான்கு ஆண்டு என்று பேசிக்கொள்வது உண்மையில் ஏழு ஆண்டு, நடுவில் ஓராண்டு இரட்டைக் கட்டணம். ஏழு ஆண்டு நின்றுபோன பழக்கம் எட்டாம் ஆண்டு தானாகத் திரும்பி வராது. அதற்குள் ஓய்வுக்காலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், வேறொரு காரணம் முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் முழுதாக நிறுத்த வேண்டாம் என்கிறேன். இப்படியே 18,000 கொடுத்துக்கொண்டிருப்பதும் சரிவராது.

குறிப்பாக, துண்டு விழுவதைக் கடனால் அடைத்துக்கொண்டு நன்கொடை தராதீர்கள். கல்லூரிச் செலவுக்குப் பெற்றோருக்கு அரசு தரும் பேரண்ட் பிளஸ் கடனுக்கு 2025-26 கல்வியாண்டின் வட்டி 8.94 விழுக்காடு, அதன்மேல் 4.228 விழுக்காடு தொடக்கக் கட்டணம். நான்கு ஆண்டுத் துண்டு 18,000. அதைக் கடனாக வாங்கிப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 227 டாலர், மொத்தம் 27,300 கட்டுவீர்கள். கடன் வாங்கிக் கொடுத்த நன்கொடைக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுத்ததாகும். 2026 ஜூலை 1 முதல் இந்தக் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முழுதாக நம்பியிருக்கவும் முடியாது. 401(கே) சேமிப்பைக் குறைத்தும் கொடுக்காதீர்கள். ஊருக்கு அனுப்பும் 500இல் கை வைக்காதீர்கள். வரிச் சட்டம் அதை நன்கொடையாகப் பார்க்காது, ஆனாலும் கோயிலுக்கும் பள்ளிக்கும் முன்னால் நிற்க வேண்டியது அதுதான்.

இப்போது கணவரின் வாதம். ஐஆர்எஸ் எனும் வரித்துறையைப் பொறுத்தவரை கல்விக் கட்டணம் ஒரு சேவைக்குக் கொடுத்த விலை. கல்லூரி லாப நோக்கமற்ற நிறுவனமாக இருந்தாலும் அதில் ஒரு டாலரைக்கூட நன்கொடையாகக் கழிக்க முடியாது. இன்னாருடைய மகள் படிப்புக்கு என்று பெயர் குறித்துக் கொடுக்கும் உதவித்தொகையும் அப்படியே. அறம் என்ற கோணத்தில் அவர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடி தருகின்றன. முழுக் கட்டணம் கட்டுபவர்கள் இருப்பதால்தான் அந்த ஏற்பாடு ஓடுகிறது. ஆனால் பெரிய அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் கல்லூரிகள் அந்த நிதியின் வருமானத்தை எல்லா மாணவர்களுக்கும் செலவழிக்கின்றன, முழுக் கட்டணம் கட்டியவர் பிள்ளைக்கும் சேர்த்து. உங்கள் மகளும் யாரோ கொடுத்த கொடையில் ஒரு பங்கை அனுபவிக்கப் போகிறாள். மகளுக்கு நல்ல படிப்பு வாங்கித் தருவது நியாயமான செலவு. அதை நன்கொடைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். கிராமத்துப் பிள்ளைக்கு வர வேண்டிய புத்தகம் அதனால் வந்துவிடாது.

நன்கொடையால் உதவித்தொகை கூடுமா என்ற கேள்விக்குப் பதில்: கூடாது. ஃபாஃப்சா எனும் அரசு உதவி விண்ணப்பம் உங்கள் ஏஜிஐயைப் பார்க்கிறது. நன்கொடைக் கழிவு ஏஜிஐக்குக் கீழே வருவது, மேலே உள்ள எண்ணை அது தொடாது. டாஃப் எனப்படும் நன்கொடையாளர் ஆலோசனை நிதியில் (நன்கொடைக்கென்றே ஒதுக்கி வைத்துப் பிறகு பிரித்துக் கொடுக்கும் கணக்கு) போட்ட பணம் திரும்பப் பெற முடியாதது என்பதால் அது உங்கள் சொத்துக் கணக்கில் வராது. அதை ஒரு வழியாகச் சிலர் சொல்லித் தருகிறார்கள். பெற்றோர் சொத்தில் ஃபாஃப்சா அதிகபட்சம் எடுத்துக்கொள்வது 5.64 விழுக்காடு. 40,000 டாலரைக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் குறைவது 2,256. உதவிக்கு எட்டாத வருமானத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த 2,256உம் பயன்படாது. கொடுக்க விரும்பினால் கொடுப்பதற்காகக் கொடுங்கள்.

உதவி பற்றி உங்களுக்குப் பொருந்தும் ஒரே செய்தி அந்த இரட்டைக் கட்டண ஆண்டைப் பற்றியது. 2024-25 முதல் ஃபாஃப்சா, வீட்டில் எத்தனை பேர் கல்லூரியில் படிக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற தனி உதவி விண்ணப்பத்தைக் கேட்கும் தனியார் கல்லூரிகள் பலவும் இன்னும் எடுக்கின்றன. 2029-30க்கு மகள் கல்லூரியிலும் மகன் கல்லூரியிலும் விண்ணப்பியுங்கள். அந்த ஆண்டுக்குப் பார்க்கப்படுவது 2027ஆம் ஆண்டின் வருமானம். எனவே 2027இல் பங்குகளை விற்றுப் பெரிய லாபம் காட்டாதீர்கள். விற்க வேண்டியிருந்தால் 2026இலேயே விற்றுவிடுங்கள்.

அந்தப் பங்குகள்தான் உங்கள் கையில் இருக்கும் நல்ல கருவி. பலரும் செய்யும் தவறு இது: நன்கொடையை மாதா மாதம் ரொக்கமாகக் கொடுப்பார்கள், கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் போதாமல் பழைய பங்குகளை விற்று லாபத்துக்கு வரி கட்டுவார்கள். இரண்டையும் இடம் மாற்றினால் போதும். லாபம் அதிகம் சேர்ந்த பங்கு நன்கொடைக்கு, ரொக்கம் கல்லூரிக்கு.

உங்கள் 1,20,000இல் மிகப் பழைய தொகுப்பு ஒன்றை, அதாவது 8,000க்கு வாங்கி இன்று 40,000 ஆகியிருப்பது போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை விற்றால் 32,000 லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 15 விழுக்காடு. தம்பதியர் வருமானம் 2,50,000ஐத் தாண்டுவதால் முதலீட்டு வருமானத்தின் கூடுதல் வரி 3.8. இரண்டும் சேர்ந்து 6,016 டாலர். நியூஜெர்சி இந்த லாபத்தைச் சம்பளம் போலவே 6.37 விழுக்காட்டில் பிடிக்கும். அது 2,038. மொத்தம் 8,054. பங்கை விற்காமல் அப்படியே நன்கொடையாக மாற்றினால் இந்த வரி யாருக்கும் இல்லை. உங்களுக்குக் கழிவோ முழு 40,000க்கும் கிடைக்கும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஜிஐயில் 30 விழுக்காடு வரை பங்காகக் கொடுக்கலாம். உங்களுக்கு அது 90,000. வரம்பு இடிக்காது.

நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரே ஆண்டில் ஏன்? 2026 முதல் கழிவுகளைத் தனித்தனியாக எழுதுபவர்களுக்கு ஏஜிஐயின் முதல் 0.5 விழுக்காட்டு நன்கொடைக்குக் கழிவு கிடையாது. உங்களுக்கு அது 1,500 டாலர். ஆண்டுக்கு 10,000 என நான்கு முறை கொடுத்தால் நான்கு முறை 1,500ஐ இழப்பீர்கள், கழிவு 34,000க்குத்தான். ஒரே முறை 40,000 கொடுத்தால் ஒரே முறைதான் இழப்பு, கழிவு 38,500க்கு. 24 விழுக்காட்டு வரி வரம்பில் அது 9,240 டாலர். நியூஜெர்சி மாநில வரியில் நன்கொடைக்குக் கழிவே இல்லை, அங்கே எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் வீட்டில் மாநில வருமான வரியும் சொத்து வரியும் சேர்ந்து 29,000 அளவிலும், வீட்டுக் கடன் வட்டி 9,000 அளவிலும் இருக்கும் என்று வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்த 38,000, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமலே தம்பதியருக்குக் கிடைக்கும் 2026ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனான 32,200ஐத் தாண்டுகிறது, எனவே நன்கொடை முழுதும் மேல்கணக்காகச் சேர்கிறது. கடனை அடைத்துவிட்டவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிலை வேறு. அவர்கள் சிறிய நன்கொடைக்கு வரியில் எதுவும் பெறுவதில்லை, ஒரே ஆண்டில் சேர்த்துக் கொடுத்தால்தான் 32,200ஐத் தாண்டவே முடியும். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கும் 2026 முதல் தம்பதியருக்கு 2,000 டாலர் வரை கழிவு உண்டு. அது ரொக்கமாக, நேரே தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததாக இருக்க வேண்டும். டாஃபில் போட்டது சேராது.

அந்த 40,000ஐ டாஃப் கணக்கில் போடுங்கள். கழிவு போட்ட ஆண்டிலேயே கிடைக்கும், அமைப்புகளுக்கு நீங்கள் விரும்பும்போது பிரித்து அனுப்பலாம். பெரிய நிறுவனங்களில் ஆண்டுக் கட்டணம் 0.6 விழுக்காடு அல்லது 100 டாலர், எது அதிகமோ அது. உங்களுக்கு முதலாண்டில் 240 டாலர் வரும். நான்கு ஆண்டில் கொடுத்து முடிக்கப்போகும் பணம் என்பதால் உள்ளே அதைப் பங்குச் சந்தையில் வைக்காதீர்கள், ஏற்ற இறக்கம் குறைந்த மணி மார்க்கெட் நிதியில் வையுங்கள். சந்தை தொடக்கத்திலேயே 30 விழுக்காடு இறங்கினால் நான்காம் ஆண்டு கொடுக்க எதுவும் மிஞ்சாது.

மாற்றும்போது எங்கே தவறுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பங்கை முதலில் விற்றுவிட்டுப் பணத்தை அனுப்பினால் லாப வரி உங்கள் தலையில் விழுந்துவிடும், முழு நோக்கமும் கெட்டுவிடும். தரகர் கணக்கில் எந்தத் தொகுப்பை மாற்ற வேண்டும் என்று வாங்கிய தேதியுடன் குறிப்பிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் தங்கள் விதிப்படி எடுப்பார்கள், அது உங்களுக்கு ஏற்ற தொகுப்பாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நிறுவனம் ஊதியத்தின் பகுதியாகத் தரும் ஆர்எஸ்யூ பங்கு என்றால் கைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டு கணக்கு. ஊழியர்கள் தள்ளுபடி விலையில் வாங்கும் இஎஸ்பிபி பங்குகளை, திட்டக் காலம் தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டு, வாங்கியதிலிருந்து ஓராண்டு என்ற கெடுக்கள் முடியாமல் தொடாதீர்கள். தானமாகக் கொடுத்தாலும் ஒரு பகுதி சம்பள வருமானமாகிவிடும். நட்டத்தில் இருக்கும் பங்கைக் கொடுப்பது வீண். விற்று நட்டத்தை வரியில் காட்டிவிட்டு ரொக்கத்தைக் கொடுங்கள். 500 டாலரைத் தாண்டும் பங்கு நன்கொடைக்கு வரிப் படிவத்துடன் 8283 படிவம் இணைக்க வேண்டும். சந்தையில் விற்பனையாகும் பங்குக்கு மதிப்பீட்டாளர் சான்று வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விலையும் உண்டு. இப்போது இங்கே பதிவு பெற்ற அமைப்புகளுக்குத் தரும் 15,000க்கு 2026 விதிப்படி 13,500 கழிவு, அதாவது ஆண்டுக்கு 3,240 டாலர் வரிச் சலுகை கிடைக்கும். புதிய முறையில் 2026இல் 9,240 கிடைத்துவிட்டு, 2027, 2028, 2029இல் எதுவும் கிடைக்காது. அந்த மூன்று ஆண்டும் வரி 3,240 கூடும். இதை மறந்தால் 2028 ஏப்ரலில் எதிர்பாராத தொகை கட்ட வேண்டியிருக்கும். 2027 ஜனவரியில் இருவரில் ஒருவர் அலுவலகத்தில் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான டபிள்யூ-4 படிவத்தைப் புதிதாகக் கொடுத்து மாதம் 270 டாலர் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிவிடுங்கள். நான்கு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் சலுகையில் குறைவது 3,720, ஆண்டுக்குச் சராசரி 930.

இனி, எவ்வளவு, யாருக்கு. டாஃபிலிருந்து ஆண்டுக்கு 10,000, ரொக்கமாக 1,500, மொத்தம் 11,500 என்று வைக்கச் சொல்வேன். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டாதீர்கள். உங்கள் பணம் நின்றால் யாருக்கு உடனே வலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கோயிலுக்கு நூற்றுக்கணக்கானோர் தருகிறார்கள், 5,000ஐ 1,500 ஆக்கினால் விளக்கு அணையாது. தமிழ்ப் பள்ளிக்கு 1,500 போதும், சனிக்கிழமை வகுப்புக்கு ஒருவர் போய் உதவினால் அவர்களுக்கு அது பணத்தைவிடப் பெரிது. அப்படித் தொண்டுக்காகக் கார் ஓட்டும் தூரத்துக்கு மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உணவு வங்கிக்கு 1,000. கிராமப் பிள்ளைகளின் படிப்புக்கான 6,000ஐ அப்படியே வைத்திருங்கள். ஒரு பிள்ளையை எட்டாம் வகுப்பில் ஏற்றிவிட்டுப் பத்தாம் வகுப்பில் கைவிடுவது மற்ற எந்தக் குறைப்பையும்விடக் கொடிது.

காப்பகத்துக்கான 3,000 டாஃபிலிருந்து போகாது. டாஃபும் வரிக் கழிவும் அமெரிக்காவில் 501(சி)(3) எனும் தொண்டு நிறுவனப் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டும்தான். நேரே இந்தியாவுக்கு அனுப்புவதற்கு இங்கே கழிவு எப்போதுமே இருந்ததில்லை. முந்தைய ஆண்டுகளில் அதையும் சேர்த்துக் காட்டியிருந்தால் கணக்காளரிடம் சொல்லித் திருத்துங்கள். அதை 1,500 ஆக்கி ரொக்கமாகத் தொடருங்கள். கணவர் இப்போது அமெரிக்கக் குடிமகன் என்றால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் அனுப்புவது இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற காப்பகம்தான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள அதற்குரிய கணக்கில். இந்தியக் கடவுச்சீட்டு இன்னும் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அந்தச் சட்டம் குறுக்கே வராது. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், சிக்கல் வந்தால் மாட்டுவது காப்பகம்தான்.

இன்னொரு வழியைப் பலர் தேடிப் பார்ப்பதே இல்லை. உங்கள் இருவரின் நிறுவனங்களில் ஊழியர் நன்கொடைக்கு ஈடாக நிறுவனமும் தருகிறதா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். டாலருக்கு டாலர் தருகிறார்கள் என்றால் நீங்கள் 3,000 கொடுத்தாலே அமைப்புக்கு 6,000 போய்ச் சேரும். டாஃபிலிருந்து போகும் பணத்துக்குப் பல நிறுவனங்கள் ஈடு தருவதில்லை. எனவே ஈடு கிடைக்கும் அளவை உங்கள் கையிலிருந்து நேரே கொடுத்து, மீதியை மட்டும் டாஃபில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்தால் மீண்டும் கணக்கு: கையில் நின்ற 54,000, நன்கொடையிலிருந்து விடுபட்ட 16,500, ஆக 70,500. வரியில் குறையும் 930 போக 69,570. கல்லூரிக்கு 58,500. ஆண்டுக்குச் சுமார் 11,000 மிஞ்சும். முதல் இரண்டு ஆண்டு அவசரச் சேமிப்புக்கும் பிறகு மகனின் 529க்கும் போகட்டும். 80,000 மதிப்புள்ள பங்கும் தொடப்படாமல் இருக்கும். இருவரில் யாருடைய வேலையாவது உறுதியில்லை என்று தோன்றினால் டாஃபில் 40,000 போடாதீர்கள், 20,000 போட்டு இரண்டு ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பணம் எந்த நெருக்கடியிலும் உங்களிடம் திரும்பி வராது.

கட்டணப் பக்கத்திலும் சில இடங்களில் பணம் கசிகிறது. மகள் உங்கள் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், அது கல்லூரி விதிக்கும் தகுதிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, கல்லூரிக் காப்பீட்டை விலக்கும் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுங்கள். தவறவிட்டால் பல கல்லூரிகளில் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் தானாகவே பில்லில் ஏறிவிடும். 529இலிருந்து எடுப்பது அந்த நாள்காட்டி ஆண்டில் கட்டிய செலவுக்கே இருக்க வேண்டும். ஜனவரியில் கட்டிய கட்டணத்துக்கு முந்தைய டிசம்பரில் எடுத்தால் கேள்வி வரும். பயணச் செலவும் மருத்துவக் காப்பீடும் 529இல் தகுதியான செலவுகள் ஆகா. கிரெடிட் கார்டில் கட்டி அதற்கு மேல்கட்டணம் தராதீர்கள். வட்டியில்லாத மாதத் தவணைத் திட்டம் பெரும்பாலான கல்லூரிகளில் சிறு பதிவுக் கட்டணத்துக்குக் கிடைக்கும்.

பெற்றோர் நிதிக்கு இந்த ஏழு ஆண்டில் நீங்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. "இப்போது முழுக் கட்டணம் கட்டுகிறோம், மகள் படித்து முடித்த பிறகு பார்க்கிறோம்" என்று ஒரு வரி பதில் எழுதினால் போதும். கொடுக்காததால் மகளுக்கு எந்தக் குறையும் வராது. மனம் கேட்காவிட்டால் 50 டாலர் கொடுங்கள். எத்தனை பெற்றோர் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கையையும் அவர்கள் பார்ப்பார்கள். விருந்து, விளையாட்டுச் சீட்டு என்று பதிலுக்கு ஏதாவது தரும் நன்கொடையை டாஃபிலிருந்து அனுப்பக் கூடாது. கோயில் ஆண்டு விழாச் சீட்டுக்கும் இதே விதி.

மகன் விஷயத்தில் இப்போதே பேசுங்கள். அவனும் இதே விலைக் கல்லூரிக்குப் போனால் நான்கு ஆண்டுக்கு 4,20,000 ஆகும். அந்தப் பள்ளத்தை நன்கொடையை வெட்டி நிரப்ப நினைக்காதீர்கள். ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகம், அல்லது மதிப்பெண்ணுக்குத் தள்ளுபடி தரும் தனியார் கல்லூரி என்றால் செலவு ஏறக்குறைய பாதியாகலாம். அங்கே ஓராண்டில் மிச்சமாவது உங்கள் இரண்டு ஆண்டு நன்கொடையைவிட அதிகம். அவன் பதினொன்றாம் வகுப்பில் கல்லூரிப் பட்டியல் போடும் முன், எவ்வளவு தர முடியும் என்ற எண்ணை அவனிடம் சொல்லிவிடுங்கள்.

குறைக்கப்போவதை அமைப்புகளுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். "2026 முதல் 2029 வரை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் இவ்வளவு அனுப்ப எண்ணியிருக்கிறோம்" என்று தெரிந்தால், சிறு தொகையானாலும் அவர்கள் அதை நம்பி ஆசிரியர் சம்பளம் போடுவார்கள். சொல்லாமல் நின்றுபோகும் பெரிய தொகைதான் அவர்களைத் தவிக்க விடுகிறது. எண்ணம் என்று மட்டும் எழுதுங்கள், உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். சட்டப்படிக் கட்டுப்படுத்தும் உறுதிமொழியை டாஃப் பணத்தால் நிறைவேற்றுவதில் ஐஆர்எஸ் நிபந்தனைகள் இருக்கின்றன.

டாஃப் கணக்கை அக்டோபரில் திறந்து, பங்கு மாற்றத்தை நவம்பர் நடுவிலேயே தொடங்குங்கள். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே மாறுவதற்குச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். பங்கு டாஃப் கணக்கில் போய்ச் சேர்ந்த நாள்தான் நன்கொடை நாள், நீங்கள் கோரிக்கை கொடுத்த நாள் செல்லாது. ஜனவரி 2ஆம் தேதி போய்ச் சேர்ந்தால் மேலே போட்ட வரிக் கணக்கு முழுதும் ஓராண்டு தள்ளிப்போகும்.